பரணிலிருந்து விழுந்தவை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ஸ்குரூ டிரைவரைத் தேடிப் பரண் கதவைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. ஓட்டை அண்டா, உன் ஒன்பதாம் வகுப்பு நோட்டுகள், கம்பி உடைந்த குடை என்று எல்லாம் தலைமேல் வந்தது. உன் அம்மா ஓடிவருவாள் என்று நினைத்தேன். "மெக்கீ, அடி படலையே?" என்று சமையலறையிலிருந்தே குரல் மட்டும் வந்தது.

அது யார் மெக்கீ என்று உனக்குப் புரியாது. அமெரிக்காவில், உன் பியோரியா வீட்டில், நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பியபின் நாங்கள் பகலெல்லாம் என்ன செய்தோம் என்று நீ கேட்டதில்லை. பழைய ரேடியோ நாடகம் கேட்டோம். 'ஃபிபர் மெக்கீ அண்ட் மோலி'. உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் சொன்னார். அதில் மெக்கீயாகவும் மோலியாகவும் நடித்த ஜிம் ஜோர்டனும் மரியனும் பியோரியாக்காரர்களாம், நிஜத்திலும் புருஷன் பெண்டாட்டி. அந்தப் பெருமை அவருக்கு!

1935ல் என்.பி.சி. ரேடியோவில் ஆரம்பித்தது. பெரிய கதையெல்லாம் கிடையாது. 79, விஸ்ட்ஃபுல் விஸ்டா என்று ஒரு வீடு. மெக்கீ வாய்ச்சவடால் அடிப்பார், ஒருவர் மாற்றி ஒருவர் வாசலுக்கு வருவார்கள். விளம்பரம்கூட அப்படித்தான் வரும். அறிவிப்பாளர் ஹார்லோ வில்காக்ஸ் விருந்தாளி மாதிரி உள்ளே வந்து, எந்தப் பேச்சையும் தரைக்குப் போடும் ஜான்சன் மெழுகில் கொண்டுபோய் விடுவார். இன்ஷூரன்ஸ் பிடிக்க அலையும் நம் பெரியப்பாதான் ஞாபகம் வந்தார்.

மெக்கீ ஜோக் அடித்தால் மோலி சிரிக்க மாட்டாள். "சிரிப்பு வரலை, மெக்கீ" என்பாள். அம்மா இதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பியும் விடவில்லை.

1937 கடைசியில் மரியனுக்கு உடம்பு சரியில்லாமல் போய், 1939 வரை வரமுடியவில்லை. அதுவரை மோலி இல்லாமலேயே நடத்தினார்கள். வேறொருத்தியை மோலி என்று கொண்டுவந்து நிறுத்தவில்லை. இதைக் கேட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நேற்று எனக்கு நடந்த மாதிரி அதில் ஒரு அலமாரி வேடிக்கை உண்டு; அது 1940ல்தான் வந்தது. மெக்கீ கதவைத் திறப்பார். தடதடவென்று சாமான் சரியும், சரியும், சரிந்துகொண்டே இருக்கும். ஓய்ந்தது என்று நினைக்கும்போது கடைசியாக ஒரு சின்ன மணி, டிங். "ஒருநாள் இதை ஒழுங்குபடுத்தணும்" என்பார். ஆனால் அடுத்த முறை திறந்தாலும் சாமான் சரியத்தான் செய்யும். 1959ல் வேறு நடிகர்களை வைத்து டி.வி.யிலும் எடுத்துப் பார்த்தார்கள், ஓடவில்லை. ஓடாததில் எனக்கு ஆச்சரியமில்லை. ரேடியோவில் கேட்டபோது நான் பார்த்தது நம் வீட்டுப் பரணை அல்லவா!

நேற்றும் எல்லாம் விழுந்து ஓய்ந்தது. அப்புறம் ஒரு துணிப்பை மெதுவாக நழுவி வந்தது. உன் சலங்கை. ஜல் என்றது. அம்மா அப்போதுதான் எட்டிப் பார்த்தாள்.

சரி, நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடட்டுமா? சலங்கையைத் துடைத்து மறுபடி மேலேயே வைத்துவிட்டேன். ஸ்குரூ டிரைவர் கிடைக்கவில்லை.

அன்புடன்,
அப்பா