போர் ஓய்ந்ததும் கப்பல் சட்டம் எழுதப்போகிறவர்களுக்கு

மதிப்பிற்குரியவர்களே,

நீங்கள் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. இந்த உள்நாட்டுப் போர் ஓய்ந்து, மியன்மாவின் சட்டங்களைத் திருத்த உட்காரும்போது படித்துக்கொள்ளுங்கள். நான் யாங்கோனிலிருந்து கப்பலுக்குப் போய்வந்த தமிழன். பெயர் போடாததற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்தது மறுபடி நடக்கக்கூடாது. 1941 டிசம்பரில் ரங்கூன் துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது அங்கே மூட்டை தூக்கியவர்களில் ஏராளமானோர் தெலுங்கரும் தமிழரும். உயிர் தப்பியவர்கள் நடந்தே ஓடினார்கள். 1948இல் விடுதலை வந்தது. கப்பல் சட்டம் மட்டும், பர்மா இந்தியாவின் மாகாணமாக இருந்தபோது 1923இல் தில்லியில் இயற்றியதே தொடர்ந்தது.

2016இல் நம் நாடு, மாலுமிகளின் உரிமைகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை ஏற்றது. வேலை வாங்கித்தர மாலுமியிடம் கட்டணம் வசூலிக்கக்கூடாது என்கிறது அது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் செலவுதான் அவனுடையது. என் பக்கத்து வீட்டுப் பையனோ கையில் ஓர் உறையோடு ஏஜென்சியின் மாடிப்படி ஏறினான். அதற்கு முந்தின வாரம்தான் அவன் அம்மா கை வளையல்களை விற்றிருந்தார். ரசீது கேட்டதற்குச் சிரித்தார்களாம்.

பணம் அனுப்பும் விதியையும் பாருங்கள். மாற்று விகிதம் மாலுமிக்குப் பாதகமாக இருக்கக்கூடாது என்று உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறது. இங்கே 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி டாலருக்கு 2,100 கியாட் என்று நிர்ணயித்தது. 2024இல் வெளிச்சந்தையில் டாலர் 4,000 கியாட்டைத் தாண்டியது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் சம்பளத்தில் கால் பங்கை அரசு வழியில்தான் அனுப்பவேண்டும் என்று இடையிலே ஓர் உத்தரவு வேறு. நடுக்கடலில் சம்பாதித்தது கரைக்கு வருமுன்பே கரைந்துவிடுகிறது. "பாதகமில்லாத" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்த விகிதம், யார் கணக்கிடுவது, குறைந்தால் யார் ஈடுகட்டுவது என்று எழுதுங்கள்.

இன்னொன்று. கடற்கொள்ளையரிடமோ ஆயுதக் கொள்ளையரிடமோ சிக்கிய மாலுமிக்குச் சிறையிருக்கும் காலத்திலும் சம்பளம் உண்டு. உடன்படிக்கையின் இந்த விதி 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கேலக்ஸி லீடர் என்ற சரக்குக் கப்பலை 2023 நவம்பரில் பிடித்தவர்கள் ஏமனின் ஆயுதப் படையான ஹூதிகள். அதன் மாலுமிகள் 2025 ஜனவரியில்தான் விடுபட்டார்கள். போரிடும் படையோ அரசோ பிடித்துவைத்தாலும் சம்பளம் நிற்காது என்று நம் சட்டம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லட்டும். உடன்படிக்கை குறைந்தபட்சத்தைத்தான் கேட்கிறது. அதற்கு மேலே போக யாரும் தடுக்கவில்லை.

வரைவு தயாரானதும் பர்மிய மொழியில் அச்சிட்டு மாலுமிகளின் வீடுகளுக்கு அனுப்புங்கள். ஏஜென்சிக்காரர்கள் தாமாகவே உங்களைத் தேடி வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாலுமி
யாங்கோன்