இலவச ஆப் லிஸ்ட்டோட சேத்து வெளிய வர்ற வழியையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம் சார்.

புதுசா தொழில் ஆரம்பிக்கிறவங்களுக்கு காசில்லாம கிடைக்கிற ஆன்லைன் டூல்ஸ்னு ஒரு லிஸ்ட் போட்டிருந்தீங்க, படிச்சேன். நல்ல விஷயம்தான். ஆனா இந்த மாதிரி லிஸ்ட் எங்க வந்தாலும் ஒரே அச்சுதான் சார், வரிசையா ஆப் பேரு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி, பக்கத்துல "இலவசம்"னு ஒரு முத்திரை, அவ்ளோதான். எது வரைக்கும் இலவசம், நாளைக்கு அந்த கம்பெனி விதிய மாத்திட்டா நம்ம டேட்டாவ எப்படி எடுத்துக்கிட்டு வெளிய வர்றது, இத யாரும் எழுதவே மாட்டேங்குறாங்க. நானும் நாலு பேர வச்சு சின்னதா ஒரு தொழில் நடத்துறவதான், அந்த வகையில தோணுனத எழுதுறேன், நீளமா போயிடுச்சுன்னா வெட்டிக்கோங்க.

விதி மாறுறதுங்கறது சும்மா பயமுறுத்துற பேச்சு இல்ல. ஆபீஸ் ஆளுங்க சாட் பண்ணுற ஸ்லாக்ல இலவச கணக்குக்கு முன்னாடி கடைசி 10,000 மெசேஜ் பாக்கலாம்னு இருந்துச்சு, 2022 செப்டம்பர்ல அத 90 நாள்னு மாத்துனாங்க, அப்புறம் 2024ல ஒரு வருஷத்துக்கு மேல பழசானத அழிக்கவே ஆரம்பிச்சாங்க. குறிப்பு எழுதி வைக்கிற எவர்நோட் 2023 டிசம்பர்ல இலவசமா இருக்கறவங்களுக்கு 50 நோட்டு, ஒரே நோட்புக்னு சுருக்கிடுச்சு. நாம செஞ்ச ஆப்ப இன்டர்நெட்ல ஓட்டித்தர்ற ஹெரோக்கு 2022 நவம்பரோட இலவச சேவைய மொத்தமா நிறுத்திடுச்சு. கூகுள் மேப்ல நம்ம கடைய காட்டுற கூகுள் பிசினஸ் புரொஃபைல்ல சும்மா கிடைச்ச வெப்சைட்ட நம்பி எத்தன பேர் விசிட்டிங் கார்டு அடிச்சிருப்பாங்க, 2024 மார்ச்ல அதையும் மூடிட்டாங்க. சொந்த டொமைன்ல, அதாவது நம்ம தொழில் பேர்லயே வாங்குன இன்டர்நெட் அட்ரஸ்ல, கூகுள் மெயில் இலவசமா கிடைச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு, 2012 டிசம்பர்ல புது ஆளுங்களுக்கு நிறுத்துனாங்க, பத்து வருஷம் கழிச்சு 2022ல, பழைய ஆளுங்கள்ல தொழிலுக்கு வச்சிருக்கறவங்களும் காசு கட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. இவங்கள தப்பு சொல்ல நான் வரல, அவங்களும் வியாபாரம் பண்ணித்தான ஆகணும். ஆனா நாம டூல தேர்ந்தெடுக்கும்போதே இது மாறும்னு வச்சுக்கிட்டுதான் தேர்ந்தெடுக்கணும், அந்த ஒரு விஷயம் லிஸ்ட்டுல இல்ல.

என்னைய கேட்டா எல்லாத்துலயும் சிக்கனம் பாக்கலாம், டொமைன் பேர்ல மட்டும் பாக்கக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவ கட்டுற சின்ன தொகைதான், ஆனா அது உங்க பேர்ல, உங்க லாகின்ல இருக்கணும், வெப்சைட் செஞ்சு கொடுத்த ஆளோட கணக்குல இல்ல. டொமைன் கைல இருந்தா மெயில் எந்த கம்பெனில வச்சாலும் பரவாயில்ல, நாளைக்கு வேற இடத்துக்கு மாறணும்னா டொமைனுக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டுன்னு ஒண்ண மாத்துனா போதும், கஸ்டமருக்கு அட்ரஸ் அதே அட்ரஸ்தான், உள்ள நடந்தது அவங்களுக்கு தெரியவே தெரியாது. சும்மா கிடைக்கிற ஜிமெயில் அட்ரஸ பில்லுலயும் போர்டுலயும் அடிச்சுட்டா அந்த வசதி போச்சு. இதுல இன்னொரு சங்கதி, டொமைன் வாங்குன கணக்குக்கு ரெகவரி மெயிலா அதே டொமைன் மெயிலயே கொடுத்து வைக்கிறாங்க பல பேரு, புதுப்பிக்க மறந்து டொமைன் செத்துச்சுன்னா மெயிலும் சேந்து நின்னுடும், அப்ப பாஸ்வேர்ட் மாத்துற லிங்க் எந்த பெட்டிக்கு வரும்? அதுக்கு மட்டும் வெளியில ஒரு மெயில் வச்சுக்கணும். டாட்காம் மாதிரி பேருங்கள அழிச்ச பிறகும் 30 நாள் மீட்டுக்கிற அவகாசம் இருக்கு, ஆனா அந்த நேரத்துல கேக்குற கட்டணம் சாதாரண கட்டணத்த விட ரொம்ப ஜாஸ்தி.

கஸ்டமர் லிஸ்ட்டும் அதே கததான். சோஷியல் மீடியா பேஜ்ல பின்தொடர்றவங்கள லிஸ்ட்டுன்னு நினைச்சுக்கறோம், அது வாடகை வீட்டுல சொந்த காசு போட்டு மாடி கட்டுற மாதிரி, கணக்கு முடங்குனா ஒருத்தரோட நம்பரும் நம்மகிட்ட இருக்காது. பேரு, நம்பர், மெயில், கடைசியா என்ன வாங்குனாங்க, மெயில் அனுப்ப சம்மதம் சொன்னாங்களா, இவ்ளோதான் விவரம், ஒரு ஷீட்டுல ஒழுங்கா இருந்தா போதும், மாசத்துக்கு ஒரு தடவ, பெரும்பாலான சாஃப்ட்வேர் படிக்கிற சிஎஸ்வி ஃபைலா இறக்கி வேற இடத்துல போட்டுக்கலாம். கஸ்டமருக்கெல்லாம் மொத்தமா மெயில் அனுப்புற மெயில்சிம்ப் மாதிரி டூல்ல இலவசமா 2,000 பேர் வரைக்கும் வச்சுக்கலாம்னு இருந்தத 500ன்னு குறைச்சப்ப, லிஸ்ட்ட தனியா வச்சிருந்தவங்களுக்கு நகர்றது கொஞ்சம் சுலபம், டிசைனும் ஆட்டோமேஷனும் மட்டும்தான் புதுசா பண்ணணும். அதுக்காக எல்லாருக்கும் ஜிமெயில்லேந்தே அனுப்பிடலாம்னு நினைக்காதீங்க, சாதாரண ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500 பேர்தான் கணக்கு. 2024 பிப்ரவரிலேந்து கூகுளும் யாஹூவும் கெடுபிடி பண்ணுறாங்க, சொந்த டொமைன்லேந்து அனுப்புறவங்க மெயில் நெசமாவே நம்ம டொமைன்லேந்துதான் வருதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம்னு ரெண்டு ரெக்கார்டுல ஒண்ணாவது போட்டிருக்கணும், நாளைக்கு 5,000க்கு மேல அனுப்புறவங்க ரெண்டையும் போட்டு, அந்த சோதனையில தேறாத மெயில என்ன பண்ணணும்னு சொல்ற டிமார்க்கையும் சேக்கணும். நாம அவ்ளோ அனுப்ப மாட்டோம், இருந்தாலும் எல்லாத்தையும் ஆரம்பத்துலயே போட்டு வைக்கிறது நல்லது, ஒரு மத்தியான வேலதான், காசு ஒண்ணும் ஆகாது. இத செய்யாம மெயில் ஸ்பாம்ல விழுதுன்னு புலம்பறவங்க நிறைய.

கணக்கு வழக்குக்கு முதல் நாளே சாஃப்ட்வேர் வேணுமான்னா, வேண்டாம்னுதான் சொல்லுவேன். வரவு செலவு கம்மியா இருக்கற வரைக்கும் ஷீட் போதும், ஆனா ஒரு வரிக்கு ஒரு பரிவர்த்தனைன்னு எழுதுங்க, கலர் அடிச்சு, கட்டங்கள ஒட்டி அழகு பாக்காதீங்க, பின்னாடி வேற சாஃப்ட்வேருக்கு மாறும்போது அந்த அழகுதான் உயிர எடுக்கும். ஷீட்டுக்கும் எல்லை உண்டுங்கறத மறக்கக்கூடாது, 2020ல இங்கிலாந்துல கொரோனா கணக்குல கிட்டத்தட்ட 16,000 பேரு விட்டுப்போனதுக்கு பழைய எக்செல் ஃபைல்ல 65,536 வரிக்கு மேல ஏறாததுதான் காரணம். கொஞ்சம் வளந்த பிறகு க்னூகேஷ்னு ஒரு கணக்கு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், நம்ம கம்ப்யூட்டர்லயே ஓடுது, ஒவ்வொரு பரிவர்த்தனையையும் ரெண்டு கணக்குல எழுதுற இரட்டைப் பதிவு முறை. பாக்க பழசா இருக்கும், அத பத்தி எனக்கு கவலையில்ல.

ஓப்பன் சோர்ஸ், அதாவது உள்ளிருக்கற கோட யார் வேணா பாத்து மாத்திக்கலாம்னு விட்டிருக்கற சாஃப்ட்வேர்னதும் எல்லாம் சும்மான்னு நினைக்கறதும் தப்புதான். வெப்சைட் செய்யற வேர்ட்பிரஸ், அதுல கடை போடுற வூகாமர்ஸ் ரெண்டுக்கும் காசில்ல, சைட்டுக்கு போய் வர்ற விவரத்த பூட்டி அனுப்புறதுக்கான சர்டிஃபிகேட்டும் லெட்ஸ் என்கிரிப்ட்லேந்து இலவசமா வந்துடும், ஆனா சைட்ட ஒரு சர்வர்ல வைக்கிற ஹோஸ்டிங் கட்டணம் நம்மளது, அப்டேட் போடுறது நம்ம வேல, பேக்கப் எடுக்கறது நம்ம வேல, ராத்திரில சைட் படுத்துடுச்சுன்னா எழுப்புறதும் நாமதான். அந்த நேரம் இல்லாதவங்க மாசக் கட்டணம் கட்டி ரெடிமேட் கடை வச்சுக்கறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. லெட்டர், ஷீட்டுக்கு லிப்ரே ஆபீஸ், படம் வரைய இங்க்ஸ்கேப், போட்டோ திருத்த கிம்ப் இதுங்கள்ல அந்த பிரச்சன கம்மி, இறக்கி போட்டா வேல செய்யும், நம்ம ஃபைல் நம்ம மிஷின்ல இருக்கும்.

வீடியோ மீட்டிங்க பத்தி பெருசா ஒண்ணுமில்ல. ஜூம் இலவசத்துல 40 நிமிஷத்துல கட் ஆகுதுன்னு குறை சொல்லுறாங்க, நான் அத நல்லதுன்னு சொல்லுவேன், அதுக்கு மேல பேசுற மீட்டிங்ல என்ன முடிவெடுத்திருக்கோம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் 2018லேந்து இருக்கு, கேட்டலாக், லேபிள், ரெடி பதில் எல்லாம் உண்டு, அந்த நம்பர் மட்டும் வேலைக்கு இருக்கற பையன் பேர்ல இல்லாம பாத்துக்கணும்.

கடைசியா ஒண்ணு, லிஸ்ட்ட பாத்துட்டு எல்லாத்துலயும் கணக்கு தொடங்கறவங்க இருக்காங்க. வேலைப்பட்டியலுக்கு ட்ரெல்லோ, குறிப்புக்கு இன்னொண்ணு, சாட்டுக்கு ஒண்ணு, கஸ்டமருக்கு ஒண்ணு, பில்லுக்கு ஒண்ணு, எல்லாம் இலவசம். ஆறு மாசத்துல ஒரே கஸ்டமர் பேரு அஞ்சு இடத்துல அஞ்சு ஸ்பெல்லிங்ல இருக்கும், நம்பர் மாறிடுச்சுன்னா எதுல சரியானது இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அத சரி பண்ண ஒரு ஆளோட வேல நேரம் போகுது, அந்த செலவ எந்த லிஸ்ட்டும் காட்டறதில்ல. காசு கட்டி வாங்குற டூலும் பெரும்பாலும் ஒரு ஆளுக்கு இவ்ளோன்னு போடுறாங்க, தனி ஆளா இருக்கும்போது சின்னதா தெரியும், பத்து பேரான பிறகு பெருக்கி பாருங்க. அதனால ஒரு வேலைக்கு ஒரு டூல், அதுக்கு ஒரு பொறுப்பாளர், பாஸ்வேர்டெல்லாம் பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்ட பூட்டி வைக்கிற ஆப் ஒண்ணுல, இதுக்கு மேல ஆரம்பத்துல எதுவும் தேவைப்படாது.

சரி சார், நான் கேக்க வந்தது இதுதான். அடுத்த தடவ லிஸ்ட் போடும்போது ஆப் பேருக்கு பக்கத்துல இன்னும் மூணு கட்டம் சேருங்க. இலவசத்தோட எல்லை என்ன, டேட்டாவ எந்த ஃபார்மட்ல இறக்கலாம், காசு கட்டுறத நிறுத்துனா பழச பாக்கவாவது விடுவாங்களா இல்ல அழிச்சுடுவாங்களா. இத என்னிக்கு சரிபாத்தீங்கன்னு தேதியும் போடுங்க, ஏன்னா மூணு மாசத்துல மாறிடுது. இன்டர்நெட்ல வர்ற லிஸ்ட்டுங்கள்ல பாதிக்கு பின்னாடி கமிஷன் லிங்க் இருக்குமோன்னு எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம், உங்க லிஸ்ட்ட எழுதுறவங்க எந்த கம்பெனிகிட்டயாவது ஏதாவது வாங்கியிருந்தா அதையும் கீழ ஒரு வரி போட்டுடுங்க.

இப்படிக்கு,
சின்ன தொழில் நடத்தும் ஒரு வாசகி