சால்தே (இன்றைய அல்ஜீரியாவின் பெஜாயா) நகர நீர்க்கால்வாய்: பணி நிறைவு அறிக்கை (கி.பி. 152 அளவில்)

பெருமதிப்பிற்குரிய நகரத்தார்க்குக் கால்வாய்ப் பணிக்குழுவினர் சமர்ப்பிப்பது.

தண்ணீர் வந்துவிட்டது, ஆளுநர் வாரியுஸ் கிளெமென்ஸ் அவர்களே திறந்து வைத்தார்கள். கால்வாய்க் கட்டுமானமும், தாழ்வான இடத்தில் தூண்கள்மேல் நீரைக் கொண்டுவந்ததும் குறைவின்றி முடிந்தன. சுரங்கத்தைப் பற்றித்தான் குளியல் மண்டபத்தில் நாள்தோறும் விசாரணை நடப்பதால், அதை மட்டும் விரித்துச் சொல்கிறோம்.

மலையின் அகலத்தைவிட அதிக நீளம் தோண்டினோம் என்ற ஏளனம் உண்மையே. ஏறத்தாழ 1,450 ரோம அடியை ஒரே முனையிலிருந்து குடைந்தால் காலம் இரட்டிக்கும் என்பதால், இரு முனைகளிலும் ஆட்களை இறக்கினோம். ரோமின் மூன்றாம் அகஸ்டா படையணியில் நிலமட்டம் அளப்பவரான நோனியுஸ் தாதுஸ், மலைமுதுகில் கிழக்கு மேற்காக முளையடித்துக் கோடு குறித்து, வரைபடத்தை அப்போதைய ஆளுநர் பெட்ரோனியுஸ் கெலெரிடம் கொடுத்துச் சென்றிருந்தார். கோடு மலைமேல் வெயிலில் கிடந்தது. தோண்டியவர்கள் உள்ளே இருட்டில் இருந்தார்கள். மேல்முனையார் தம் வலப்பக்கம் விலகித் தெற்கே போனார்கள். கீழ்முனையாரும் தம் வலப்பக்கமே விலகினார்கள். எதிர்முகமாக வந்த அவர்களுக்கு அது வடக்கு. தோண்டிய இரு நீளங்களையும் கூட்டிப் பார்த்தபோதுதான் விபரீதம் விளங்கியது. சுரங்கத்தைக் கைவிட்டுவிடலாம் என்று புலம்பியவர்களில் எங்கள் குழுவினரும் உண்டு. மேற்பார்த்தவர்களின் பெயர்களைக் கேட்கிறீர்கள். கோடு தவறாமல் தோண்டுகிறார்களா என்று பார்க்க ஆள் வைக்காதது எங்கள் குற்றமாதலால், அவற்றை வெளியிட மாட்டோம்.

ஓய்வுபெற்ற தாதுஸைத் தொலைவிலுள்ள படைத்தள நகரமான லாம்பேசிஸிலிருந்து மீண்டும் வரவழைத்தது வீண் என்று சிலர் சொல்கிறார்கள். மலைமேல் கோடு போட்டவரைவிட அதை அறிந்தவர் யார்? அதனால்தான் படைத்தளபதி வலேரியுஸ் எட்ருஸ்குஸுக்கு ஆளுநர் எழுதிய கடிதத்தில் நகரத்தின் வேண்டுதலும் சேர்ந்தது. வழியில் கொள்ளையர் தாக்க, தாதுஸ் உடைமையும் உடுப்பும் இழந்து, காயத்தோடு வந்து சேர்ந்தார். வந்தவர் எவர்மீதும் சீறவில்லை. யார் எவ்வளவு தோண்ட வேண்டும் என்று வகுத்துக் கொடுத்து, கடற்படை வீரர்களுக்கும் கைசாத்தே துணைப்படையினருக்கும் இடையே போட்டி மூட்டிவிட்டார். மலைக்குள் இரு தரப்பும் சந்தித்தன. அதை வேறு எவராலும் செய்திருக்க முடியாது என்பதே குழுவின் கருத்து.

கெலெர், போர்கியுஸ் வெடுஸ்தினுஸ், கிளெமென்ஸ் ஆகிய ஆளுநர்களுக்கும், ஆள் அனுப்பி உதவிய தளபதிகள் நோவியுஸ் கிறிஸ்பினுஸ், எட்ருஸ்குஸ் ஆகியோருக்கும், சுரங்கத்தில் உழைத்த படைவீரர் அனைவருக்கும் நன்றி உரியது. தாதுஸ் தம்மைப் பற்றி ஆளுநர்கள் எழுதிய கடிதங்களின் நகல்களைத் தம் ஊரில் கல்லில் வெட்டப்போவதாகக் கேள்வி. அதில் குழுவின் பெயர் வராது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

மலைமேல் நிற்கும் அளவு முளைகளை விறகுக்காக எவரும் பிடுங்க வேண்டாம்; சுரங்கத்தைப் பழுதுபார்க்க நேர்ந்தால் அவை மீண்டும் தேவைப்படும்.