பருவ நிறைவும் ஒரு வேண்டுகோளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இப்பருவம் நல்லபடியாக நிறைவடைந்துள்ளது. தேர்வுகள் உரிய காலத்தில் முடிந்தன. அறிவியல் கண்காட்சியும் ஆண்டு விழாவும் சிறப்பாக நடந்தேறின. விளையாட்டுப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் பல பரிசுகளைப் பெற்றுள்ளனர். அனைவருக்கும் என் பாராட்டுகள்.

விளையாட்டைப் பற்றிய பேச்சு வந்ததால், இப்பருவம் முழுவதும் என் கவனத்தில் இருந்த ஒன்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். போட்டி நடக்கும்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பிள்ளைகளுக்குக் கட்டளையிடும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. அக்கறையில்தான் அப்படிச் செய்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் விளைவு நீங்கள் விரும்புவதற்கு நேர்மாறாக இருக்கிறது.

நீளம் தாண்டுதலுக்காக ஒரு மாணவி ஓடி வந்துகொண்டிருந்தாள். 'காலைப் பார்' என்று வேலியருகிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அதுவரை சீராக இருந்த அவளது ஓட்டம் கடைசி மூன்று அடிகளில் தடுமாறியது. தாவுவதற்கு மிதிக்க வேண்டிய பலகையைத் தாண்டி அவள் கால் விழுந்தது. அந்தத் தாவல் செல்லாது என்று நடுவர் சிவப்புக் கொடியை உயர்த்தினார். அவள் முதலில் திரும்பிப் பார்த்தது கொடியை அல்ல, வேலியை. பயிற்சியால் உடலில் படிந்துவிட்ட அசைவை நடுவழியில் யோசித்துச் செய்ய முற்பட்டால் அது குலைந்துபோகும். பதற்றமான நேரத்தில் வெளியிலிருந்து வரும் அறிவுரை, பிள்ளையை அப்படி யோசிக்கத்தான் வைக்கிறது.

நம்பிக்கை எப்படி வளர்கிறது என்பதை ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1977-இல் வெளியிட்ட கட்டுரையில், பிறர் சொல்லும் ஊக்கச் சொற்களைவிடத் தானே செய்து முடித்த அனுபவமே வலுவான அடித்தளம் என்று விளக்கினார். மனத்திறனும் அவ்வாறே பழகிப் பெறுவதுதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மைக்கேல் பெல்ப்சின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து பார்வையே மறைந்தபோது, அவர் தம் கைவீச்சுகளை எண்ணியபடி நீந்தி, 1 நிமிடம் 52.03 நொடிகளில் உலக சாதனையுடன் தங்கம் வென்றார். எது தவறினாலும் என்ன செய்வது என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே மனத்துக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருந்ததால்தான் அது அவருக்கு இயன்றது.

நம் உடற்கல்வி ஆசிரியர்களும் இதையே சிறிய அளவில் கற்பிக்கிறார்கள்: தாண்டுவதற்கு முன் மெதுவாக மூச்சை விடுவது, அந்தத் தாவலைக் கண்மூடி ஒருமுறை காண்பது, தவறு நேர்ந்தால் தனக்குள் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டு அடுத்த முயற்சிக்குத் திரும்புவது. இவை பலன் தரக் களத்தில் பிள்ளைக்குச் சற்று அமைதி வேண்டும்.

ஆகவே அடுத்த பருவம் முதல் பெற்றோர் பார்வையாளர் பகுதியில் மட்டுமே அமர வேண்டும். கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம். ஆட்ட நுணுக்கம் பற்றிய கட்டளைகளும் நடுவரோடு வாக்குவாதமும் கூடாது. மீறுவோர் அன்றைய போட்டி முடியும்வரை வெளியே இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுவர். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. பிள்ளையைப் பிறர் முன்னிலையில் கடிந்துகொள்வதை எக்காரணம் கொண்டும் பள்ளி அனுமதிக்காது.

வீடு திரும்பும் வழியும் முக்கியம். தோற்ற பிள்ளையிடம் அந்த நேரத்தில் ஆட்டத்தை அலச வேண்டாம். அவர்களாகப் பேசத் தொடங்கும்வரை பொறுத்திருங்கள். பேசும்போதும் 'எத்தனையாவது இடம்' என்பதற்கு முன் 'இன்று எது நன்றாக வந்தது' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தயங்கித் தயங்கியாவது ஒரு பதில் வரும். அடுத்த பயிற்சியை அதிலிருந்தே தொடங்கலாம்.

அதிகாலைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைத்துவந்து, முடியும்வரை காத்திருந்து, அவர்களுக்காக உங்கள் ஓய்வு நாள்களையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். அந்த உழைப்பின்றி எங்கள் அணிகளே இல்லை. இந்த வேண்டுகோளையும் அதே அன்புடன் ஏற்பீர்கள் என்று நம்புகிறேன். ஐயம் இருப்பின் என்னையோ உடற்கல்வி ஆசிரியரையோ பள்ளி நேரத்தில் தயங்காமல் சந்திக்கலாம்.

மிக்க நன்றியுடன்,
தலைமையாசிரியர்