அனுமதி வேறு, வீடு வேறு

ஐயா,

கலிபோர்னியாவின் வீட்டுவசதி இலக்குகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2023 முதல் 2031 வரை சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு மாநில அரசு விதித்திருப்பது 4,41,176 வீடுகள். அதில் சான் பிரான்சிஸ்கோ நகரின் பங்கு மட்டும் 82,069. எந்த ஊருக்கு எத்தனை என்று பங்கு பிரிப்பதில் நடக்கும் சண்டை தெரிந்ததுதான். சரி, பிரித்தாயிற்று, அப்புறம்? கட்டட அனுமதி வழங்கினாலே போதும், நகரம் தன் கணக்கில் ஒரு வீட்டை வரவு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தெருமுனையில் அனுமதி பெற்ற மனை ஒன்று நான்கு ஆண்டுகளாகக் கம்பிவேலியோடு கிடக்கிறது. உள்ளே ஆளுயரப் புல். இதற்குப் பதிலாக, ஒரு வீட்டுக்கான வரவில் அனுமதிக்குப் பாதி, ஆட்கள் குடியேறிய பிறகே மீதி என்று வைக்கலாம். குறைந்த வருமானத்தினருக்கான வீடுகளில் மாநில அரசு முதலில் இதைச் செய்யட்டும்.