மங்கும் ஜி புரதமும்

சுங்கை சிப்புட்

அன்புள்ள மகளுக்கு,

செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதத்தோடு, அதை விரைவாக நிறுத்தும் ஆர்ஜிஎஸ்4 என்ற புரதத்தைச் சேர்த்தும் பாஸ்பேட் வெளிவரும் வேகம் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். ஆர்ஜிஎஸ்4 கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதே. அளந்த முறையில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

நம் தோட்டத்து ரப்பர்ப் பால்மரத்தை நினைத்துக்கொள். மரத்தில் கட்டிய கிண்ணத்தில், அதுதான் மங்கில், எவ்வளவு பால் சேரும் என்பது வெட்டில் மட்டும் இல்லை. வெட்டுவாய் எப்போது அடைபடுகிறது என்பதிலும் இருக்கிறது. எத்ரெல் மருந்து பூசினால் அடைப்பு தாமதமாகும், மங்கு நிறையும். செல்லுக்குள்ளும் அப்படித்தான். ஏற்பி தட்டியதும் ஜி புரதத்தின் ஆல்பா துணையலகு, பிடித்திருந்த குவானோசின் டைபாஸ்பேட்டை விட்டுவிட்டு, ஒரு பாஸ்பேட் கூடுதலாக உள்ள டிரைபாஸ்பேட்டைப் பிடிக்கும். அந்தக் கூடுதல் பாஸ்பேட்டை வெட்டி முடிக்கும்வரை சமிக்ஞை ஓடும்; இங்கே இந்த வெட்டுதான் மரத்தின் அடைப்பு மாதிரி. தனியே விட்டால், ஆல்பா வகைகளில் ஒன்றான ஆல்பா ஐ1 நிமிடத்துக்குச் சில தடவைதான் வெட்டும். ஆர்ஜிஎஸ் அதன் நெகிழும் பகுதிகளை இறுக்கிப் பிடிக்கும்போது வேகம் பல மடங்காகும். வெட்டும் வேலை அப்போதும் ஆல்பாவுடையதுதான்: அதன் அமினோ அமிலங்களில் ஆர்ஜினைன் 178, குளுட்டமின் 204 இரண்டும் அதைச் செய்கின்றன. காலரா நஞ்சு, இன்னொரு வகையான ஆல்பா எஸ்ஸில் இதே இடத்து ஆர்ஜினைனை மாற்றிவிடுகிறது. அடைப்பே விழாத வெட்டுவாய் மாதிரி சமிக்ஞை நிற்காமல் ஓடுகிறது. குடலில் நீர் கொட்டுகிறது.

இப்போது உன் குழாய்க்கு வருவோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அரை மணி நேரம் வைத்தால் நீ அளப்பது வெட்டும் வேகம் அல்ல. ஏற்பி இல்லாத குழாயில் டைபாஸ்பேட் கழன்று வெளியேறுவதுதான் ஆக மெதுவான படி. இடம் காலியாகாமல் அடுத்தது ஏற முடியாது; ஆர்ஜிஎஸ் எவ்வளவு விரட்டினாலும் எண்ணிக்கை ஏறாது.

ஒற்றைச் சுற்றாக, அதாவது ஒவ்வொரு ஆல்பாவும் ஒரே ஒரு தடவை வெட்டும்படி, செய்து பார். மக்னீசியம் இல்லாமல், அதைப் பிடித்துவைக்கும் ஈடிடிஏ சேர்த்து, கடைசிப் பாஸ்பேட்டில் கதிரியக்கப் பாஸ்பரஸ் 32 உள்ள டிரைபாஸ்பேட்டை ஆல்பாவில் 30 டிகிரியில் 15 நிமிடம் ஏற்று. ஐஸில் வைத்துவிட்டு மக்னீசியம், ஆர்ஜிஎஸ், 100 மைக்ரோமோலார் சாதாரண டிரைபாஸ்பேட் மூன்றையும் சேர்த்து விடு. சாதாரணம் மிகுதியாக இருந்தால்தான் கதிரியக்கமுள்ளது மறுபடி ஏறாது. மக்னீசியம் ஈடிடிஏவை மிஞ்சி நிற்கவேண்டும். குறைந்தால் வெட்டு நடக்காது. 10, 20, 30, 60 விநாடிகளில் எடுத்து, அமில பாஸ்பேட்டில் கலக்கிய 5 சதவீதக் கரித்தூள் குழம்பில் நிறுத்து. நியூக்ளியோடைடு, அதாவது வெட்டுப்படாத டிரைபாஸ்பேட், கரியோடு அடியில் போகும், விடுபட்ட பாஸ்பேட் மேலே நிற்கும், மேல்நீரின் கதிரியக்கத்தை எண்ணு.

ஆர்ஜிஎஸ் இல்லாத குழாயும் பூஜ்ய விநாடி மாதிரியும் கட்டாயம் வேண்டும். ஆல்பா எஸ்ஸை வைத்துப் பார்க்காதே, ஆர்ஜிஎஸ்4 அதில் வேலை செய்யாது.

கரிக் குழம்பு நொடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு, நுனியை வெட்டிய பிப்பெட் டிப்பால் எடு.

அன்புடன்,
அம்மா