ஊசியைப் பற்றிச் செய்தி போடும்போது எண்ணிக்கையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். காலை ஆறரைக்கெல்லாம் பேப்பர் கடைக்கு வந்துவிடும், தைத்த துணியை வாங்க வருகிறவர்கள் முதல் பக்கத்தைப் படித்து நாலு வார்த்தை பேசாமல் போக மாட்டார்கள். தடுப்பூசி பற்றி ஏதாவது வந்துவிட்டால் அன்று முழுக்க அதே பேச்சுதான். "ஊசி போட்டவர் மரணம்" என்று பெரிய எழுத்தில் வருகிறது, எத்தனை பேர் போட்டதில் ஒருவர் என்று வருவதில்லை. பல மாதம் கழித்து விசாரணையில் ஊசி காரணமில்லை என்று தெரிந்தால் அது உள்பக்கத்தில் நாலு வரி. உங்கள் பேப்பரை மட்டும் சொல்லவில்லை, எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். கடிதம் கொஞ்சம் நீளம். இடம் போதாவிட்டால் என் வீட்டுக் கதையை வெட்டுங்கள், எண்களை வெட்டாதீர்கள்.

2021 ஏப்ரலில் எங்கள் நைனாவுக்கு 62 வயது. லுங்கித் தறி ஓட்டுகிறவர். சர்க்கரை வந்து பதினாலு வருஷம், வெறும் வயிற்றில் பார்த்தாலே 200-க்குக் கீழே இறங்காது. ஏப்ரல் 1 முதல் 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் கொரோனா ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று வந்ததும், பேசிப் பேசி ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தேன். 19-ஆம் தேதி திங்கட்கிழமை போவதாக முடிவு. 17-ஆம் தேதி சனிக்கிழமை விடியற்காலையில் நடிகர் விவேக் இறந்துபோனார். இரண்டே நாளுக்கு முன்னால்தான் சென்னையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், மக்களுக்குப் பயம் போகட்டும் என்று கேமரா முன்னால் ஊசி போட்டுக்கொண்டவர். அன்று முழுக்க டிவி ஓடியது. நைனா தறிக்குழிக்குள் காலை விட்டபடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், நாடாவைக் கையில் பிடித்தபடியே இருந்தார், ஒரு இழை கூட ஓட்டவில்லை. சாயங்காலம் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "திங்கக்கிழமை வேணாம்மா."

எனக்கும் அன்று பயமாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள், யார் நம்பினார்கள்? தேசிய அளவிலான குழு விசாரித்து அதையே உறுதிப்படுத்தியபோது அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் மே மாதம் ஒன்று வந்து போனது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கு மேல் தொற்று வந்த மாதம் அது.

அன்று ராத்திரி நைனாவின் கூலிக் கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் நடுவில் கோடு கிழித்தேன். இந்தப் பக்கம் 'போட்டால்', அந்தப் பக்கம் 'போடாவிட்டால்'. முதல் பக்கம் தானாக நிரம்பியது: காய்ச்சல், உடம்பு வலி, ரத்தம் கட்டுமாமே, மாரடைப்பு வருமாமே. அடுத்த பக்கத்தில் எழுத எங்கள் இருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது என்றுதான் நைனா நினைத்துக்கொண்டிருந்தார், நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன் என்பது அந்தக் காலி இடத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஊசி என்றால் நாமாகப் போய் வாங்கிக்கொள்வது, அதனால் ஏதாவது ஆனால் நம் தப்பு. நோய் தானாக வருவது, அது விதி. மனசு இப்படித்தான் கணக்குப் போடுகிறது. ஆனால் சர்க்கரை இருக்கிற 62 வயது மனிதர், காற்றுப் போகாத தறி வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து வேலை செய்கிறவர், அந்த ஏப்ரலில் சும்மா இருப்பது பெரிய ரிஸ்க். அதை அந்தப் பக்கத்தில் எழுதினோம், நைனாவே சொல்லச் சொல்ல.

அப்புறம் இன்னொரு கணக்கு. நம் நாட்டில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் இறக்கிறார்கள், அப்படியென்றால் ஒரு நாளைக்கு 25 ஆயிரத்துக்கு மேல். அந்த ஏப்ரலில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர் போல ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அந்த 30 லட்சம் பேரும் ஊசி போடாமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும் மறுநாள் அவர்களில் ஐம்பது அறுபது பேராவது வேறு ஏதோ காரணத்தால் இறந்திருப்பார்கள். ஊசி போட்ட மறுநாள் ஒருவர் இறந்தார் என்ற செய்தியைப் படிக்கும்போது இந்தக் கணக்கு பக்கத்தில் இருந்தால் எங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் நிதானமாக யோசித்திருப்போம்!

நைனா மே முதல் வாரத்தில் போட்டுக்கொண்டார். தட்டுப்பாட்டால் இரண்டு முறை திரும்பி வந்து மூன்றாவது முறைதான் கிடைத்தது. அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், இரண்டு நாள் காய்ச்சல், கை தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். மாதக் கடைசியில் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. நைனாவுக்கு ஆக்சிஜன் 93 வரை இறங்கி ஏறியது, பிழைத்துக்கொண்டார். ஊசியால்தான் பிழைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனிதர் இறந்ததை வைத்து ஊசி கெட்டது என்று சொல்வது எப்படித் தப்போ, ஒருவர் பிழைத்ததை வைத்து அது நல்லது என்று சொல்வதும் அதே தப்பு. அதற்குப் பல ஆயிரம் பேரைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தவர்கள் நம் வேலூரிலேயே இருக்கிறார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் அப்போது ஏறக்குறைய 10,600 ஊழியர்கள், 2021 ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முடிய அவர்களில் 8,991 பேர் ஊசி போட்டிருந்தார்கள், பெரும்பாலும் கோவிஷீல்டு. இரண்டாவது அலை முழுக்க நோயாளிகளுக்கு நடுவில் நின்றவர்கள். இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு, போடாதவர்களோடு ஒப்பிட்டால், ஆஸ்பத்திரியில் படுக்கும் ஆபத்து 77 சதவீதம் குறைவு, ஆக்சிஜன் தேவைப்படுவது 92 சதவீதம் குறைவு, ஐசியு 94 சதவீதம் குறைவு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற ஊரில் எடுத்த கணக்கு இது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

இனி தம்பி விஷயம், இதில்தான் எனக்கு இன்னும் மனசு உறுத்தல். அவனுக்கு அப்போது 26, ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. 2021 செப்டம்பரில் நடந்த மெகா முகாமில் நான்தான் இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தேன். 2024-இல், கோவிஷீல்டு மருந்தை உருவாக்கிய அஸ்ட்ராஜெனெகா கம்பெனி மிக அரிதாக ரத்தக்கட்டு வரலாம் என்று லண்டன் கோர்ட்டில் ஒத்துக்கொண்டதாகச் செய்தி வந்ததே, அன்று ராத்திரி பத்தரைக்கு போன் செய்தான். "அக்கா, நீ சொல்லித்தானே போட்டேன், எனக்கு ஏதாவது ஆயிடுமா?" கல்யாணம் ஆகி மூன்று மாதம். அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த ரத்தக்கட்டு வருவதாக இருந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்துவிடும், அதுவும் பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகு. விடாத தலைவலி, மூச்சுத்திணறல், கால் வீக்கம், வயிற்று வலி என்று காட்டும். மூன்று வருஷம் கழித்துப் பயப்பட எதுவும் இல்லை. இந்த ஒரு வரியை அந்தச் செய்தியோடு சேர்த்துப் போட்டிருந்தால் அன்று ராத்திரி எத்தனை வீட்டில் தூங்கியிருப்பார்கள்?

ஆனால் அதைத் தேடும்போதுதான் எனக்குத் தெரியாத வேறொன்றும் தெரிந்தது. 2021 ஏப்ரலிலேயே பிரிட்டனில் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முடிந்தால் வேறு ஊசி கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள், மே மாதம் அதை 40 ஆக்கினார்கள். அதற்குக் காட்டிய கணக்கு எட்டாவது படித்தவருக்கும் புரியும். தொற்று குறைவாக இருக்கும் நேரத்தில், இருபதுகளில் இருக்கும் ஒரு லட்சம் பேருக்கு அந்த ஊசி போட்டால் 16 வாரத்தில் 0.8 பேரை ஐசியு-வில் சேராமல் காப்பாற்றும், 1.1 பேருக்குக் கடுமையான ரத்தக்கட்டு வரலாம். அறுபதுகளில் இருப்பவர்களுக்கு அதே ஊசி 14.1 பேரைக் காப்பாற்றும், 0.2 பேருக்குத்தான் பாதிப்பு. தொற்று கொழுந்துவிட்டு எரியும் நேரமென்றால் இருபது வயதுக்காரர்களில் காப்பாற்றப்படுவது 6.9 பேர், அறுபது வயதுக்காரர்களில் 127.7 பேர். ஊசி ஒன்றுதான், வயதும் ஊரில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும் மாறினால் விடை மாறுகிறது. நைனாவுக்கு எந்த நேரத்திலும் சந்தேகமே இல்லாத கணக்கு. தம்பிக்கு செப்டம்பரில் அது நூலிழைக் கணக்கு. இந்தியாவில் பதிவான ரத்தக்கட்டு பிரிட்டனைவிட ரொம்பக் குறைவு, பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்று 2021 மே மாதம் அரசுக் குழு சொன்னது, அது ஆறுதல்தான். வீட்டில் சர்க்கரைக்கார அப்பாவையும் 80 வயது ஆயாவையும் வைத்துக்கொண்டு, 300 பேர் ஒன்றாக வேலை செய்கிற ஷெட்டுக்குப் போய்வருகிறவன் போட்டுக்கொண்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் "உன் வயசுக்கு இவ்வளவு, இந்தக் காரணத்துக்காகப் போட்டுக்கோ" என்று சொல்லிப் போடச் சொல்லியிருக்க வேண்டும். "ஒண்ணும் ஆகாது, உட்காரு" என்றுதான் சொன்னேன். அது உண்மையான பதில் கிடையாது.

அந்த முகாமில் நான் ஒரு கேள்வி கேட்டேன். தம்பிக்கு ஒரு மாத்திரை அலர்ஜி உண்டு, அதனால் பரவாயில்லையா என்று. "படிக்காத ஜனங்ககூட பேசாம போட்டுக்குது, நீ என்னம்மா" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார்கள். காலையிலிருந்து நின்று களைத்துப் போனவர்கள், எனக்குக் கோபமில்லை. ஆனால் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அதைக் கேட்டுவிட்டு வரிசையை விட்டுப் போய்விட்டார்கள். கேள்வி கேட்கிறவர்களை எதிரியாகப் பார்த்தால் அவர்கள் வாட்ஸ்அப்பில்தான் பதில் தேடுவார்கள்.

போலியோ சொட்டு மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஐம்பதைத் தாண்டியவர்களில் காலை இழுத்து நடப்பவர்கள் மூன்று பேர். என் மகள் வயதில் ஒருவரும் இல்லை. அந்தச் சொட்டு மருந்துக்கும் பல லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் அதுவே வாதம் உண்டாக்கும் ஆபத்து உண்டு. ஊரெல்லாம் போலியோ இருந்தபோது அதைப் பொறுத்துக்கொண்டார்கள், கடைசி நோயாளி 2011-இல் வந்தபிறகு அந்தச் சின்ன ஆபத்தும் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது, ஊசியையும் சேர்த்தார்கள், 2016 ஏப்ரலில் சொட்டு மருந்தையே மாற்றினார்கள். டாக்டர்களே நேரத்துக்கு ஏற்றபடி எடை போடுகிறார்கள், இதைச் சொன்னால் ஜனங்கள் பயப்பட மாட்டார்கள், இன்னும் நம்புவார்கள்.

இப்போது என் மகளுக்கு 14 ஆகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஹெச்.பி.வி. ஊசியை 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போடப்போவதாக 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. அதிலிருந்து கடையில் அம்மாக்கள் பேசுவதெல்லாம் "குழந்தை பிறக்காதாமே" என்பதுதான். என் பெரியம்மா அந்தப் புற்றுநோயில்தான் போனார். பீடி சுற்றிக்கொண்டிருந்தவர், வெட்கப்பட்டு ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, வேலூருக்குப் போகும்போது ஒயர் கூடையில் பழைய வேட்டித் துணியைக் கிழித்து மடித்து எடுத்துப்போவோம், திரும்பும்போது ஒன்றும் மிச்சமிருக்காது. 2020-இல் மட்டும் நம் நாட்டில் இந்த நோய் வந்தவர்கள் சுமார் 1.24 லட்சம், இறந்தவர்கள் 77 ஆயிரம். இங்கிலாந்தில் 2008-இலிருந்து போடுகிறார்கள், 12-13 வயதில் போட்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருக்கிறது. கடுமையான அலர்ஜி பத்து லட்சம் ஊசிக்கு மூன்று போல, உட்கார வைத்துக் கவனித்தால் உடனே மருந்து கொடுத்துச் சரிசெய்யலாம். இந்த வயதில் ஊசி என்றாலே மயங்கி விழும் பிள்ளைகள் உண்டு, அதற்கும் கால் மணி நேரம் உட்கார வைத்தால் போதும். குழந்தைப்பேறைப் பாதிக்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை.

கம்மம் சம்பவத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்திலும் 2009-10-இல் இதே ஊசியின் ஆய்வில் இருந்த ஏழு பெண்கள் இறந்து, ஆய்வே நிறுத்தப்பட்டது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, விஷம் என்று பெரும்பாலும் வேறு காரணங்கள்தான், ஊசியால் இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் பெற்றோரைக் கேட்காமல் பல இடங்களில் ஹாஸ்டல் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், நாடாளுமன்றக் குழு கண்டித்தது. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அம்மாக்கள் கேட்பார்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. தடுப்பூசிச் செய்தி ஒவ்வொன்றின் கீழும் சின்னதாக ஒரு கட்டம் போடுங்கள். எத்தனை பேருக்குப் போட்டதில் எத்தனை பேருக்கு இது வந்தது, எந்த வயதில், எத்தனை நாளுக்குள், போடாவிட்டால் அதே வயதில் என்ன ஆபத்து. விசாரணை முடிவு வந்தால் முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் போடுங்கள். ஹெச்.பி.வி. ஊசி எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் கேள்விகளுக்கு வேலூர் டாக்டர்களிடம் பதில் வாங்கிப் போட்டால், அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கடையில் அளவு நாடா தொங்குகிற ஆணிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைக்கிறேன். என் முதல் கேள்வி இது: மாத்திரை அலர்ஜி இருக்கிற குடும்பத்துப் பெண்பிள்ளை என்றால், ஊசிக்கு முன்னால் யாரிடம், என்ன சொல்ல வேண்டும்?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்